மருத்துவ வதந்திகள்: உண்மை சரிபார்ப்புத் தேடல் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

புது தில்லி: கர்நாடக மாநிலம் ஹாசன் மாவட்டத்தில் ஒரே மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் உயிரிழந்ததாகச் செய்திகள் வெளியான நிலையில், கரோனா தடுப்பூசிக்கு அவசரகதியில் அனுமதி அளித்து மக்களுக்குச் செலுத்தியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கக் கூடும் என்ற கருத்தை அம்மாநில முதல்வர் சித்தராமையா 2025 ஜூலை 1-ஆம் தேதி வெளியிட்டார். மறுநாளே மத்திய சுகாதார அமைச்சகம் அதனை மறுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், எய்ம்ஸ் ஆகியவற்றின் ஆய்வுகளில் தடுப்பூசிக்கும் திடீர் மரணங்களுக்கும் நேரடித் தொடர்பு காணப்படவில்லை என்று அமைச்சகம் தெரிவித்தது.

அந்த மறுப்பில் புதிய செய்தி எதுவும் இல்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. ஆராய்ச்சி கவுன்சிலின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 19 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் உள்ள 47 மருத்துவமனைகளில் 2023 மே முதல் ஆகஸ்ட் வரை இந்த ஆய்வை நடத்தியது. 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரையிலான காலத்தில் திடீரென உயிரிழந்த 18 முதல் 45 வயது வரையிலானோரின் விவரங்கள் அதில் ஆராயப்பட்டன. தடுப்பூசியால் அபாயம் கூடவில்லை. இரு தவணை செலுத்திக் கொண்டவர்களுக்கு அது குறைவாகவே இருந்தது. முன்னர் கரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது, அளவு மீறிய மது, வழக்கத்துக்கு மாறான கடும் உடலுழைப்பு ஆகியவையே அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரிய வந்தது. முடிவுகள் 2023-லேயே வெளியாகிவிட்டன. 2024 டிசம்பரில் மாநிலங்களவையில் எழுப்பப்பட்ட கேள்விக்கு அளித்த எழுத்துபூர்வ பதிலில் சுகாதாரத் துறை அமைச்சர் ஜெ.பி. நட்டா இதே ஆய்வைச் சுட்டிக்காட்டினார்.

ஆக, விடை ஏற்கெனவே அவைக் குறிப்பில் இருந்தது, ஆய்விதழிலும் இருந்தது, இணையத்தில் தேடினால் கிடைக்கும் நிலையிலும் இருந்தது. ஆனாலும், ஒரு மாநிலத்தின் முதல்வரே ஐயம் எழுப்பும் அளவுக்கு வதந்தி வேரூன்றியது. பெங்களூரு, மைசூரு ஜெயதேவா இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்காக மக்கள் திரண்டனர். பின்னர் கர்நாடக அரசு அமைத்த நிபுணர் குழுவும் தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்றே கூறியது. ஹாசன் மரணங்களில் சில இதயக் கோளாறால் நிகழ்ந்தவையே அல்ல என்பதும் அப்போது தெரிய வந்தது.

கையில் செல்பேசி வைத்திருக்கும் எவரும் நொடியில் உண்மையைச் சரிபார்த்துக் கொள்ளலாம் என்று கூறப்படும் காலத்தில், இருந்த விடை ஏன் உரியவர்களைச் சென்று சேரவில்லை என்ற கேள்வி இங்கு எழுகிறது.

தேடல் வசதிகள் எவை?

மருத்துவத் தகவலின் நம்பகத்தன்மையை அறிய இன்று பல வழிகள் உள்ளன. உலகெங்கும் வெளியாகும் உண்மை சரிபார்ப்புக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் 'ஃபேக்ட் செக் எக்ஸ்ப்ளோரர்' என்ற வசதியை கூகுள் நிறுவனம் அளிக்கிறது. எந்தக் கூற்று ஆராயப்பட்டது, அது மெய்யா பொய்யா என்பதைக் கணினி புரிந்துகொள்ளும் வகையில் 'க்ளெய்ம் ரிவ்யூ' என்ற குறியீட்டைக் கட்டுரையுடன் இணைத்து வெளியிட்டால், இத்தேடலில் அது இடம்பெறும்.

இந்தியாவில் 'பூம்', 'ஆல்ட் நியூஸ்', 'ஃபேக்ட்லி' போன்றவையும், மருத்துவத் தகவல்களை ஆராய்வதற்கென்றே இயங்கும் 'திப் மீடியா'வும், தமிழில் 'யூடர்ன்' போன்றவையும் இப்பணியைச் செய்கின்றன. ஐயத்துக்குரிய செய்தியை வாட்ஸ்ஆப் மூலம் அனுப்பி விளக்கம் பெறும் வசதியையும் சில அமைப்புகள் அளிக்கின்றன. அரசுத் தரப்பில், பத்திரிகை தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2019 நவம்பரில் தொடங்கப்பட்டது.

இவற்றால் பயன் இல்லை என்று கூறிவிட முடியாது. மருத்துவ வதந்திகளில் பெரும்பகுதி பழையவை. ஆளையும் ஊரையும் மாற்றிக் கொண்டு மீண்டும் மீண்டும் வருபவை. ஒரு முறை ஆராய்ந்து பதிவு செய்துவிட்டால் அடுத்த முறை விடை தயாராக இருக்கும். கரோனா இரண்டாம் அலையின்போது, 5ஜி கோபுரங்களின் கதிர்வீச்சே மரணங்களுக்குக் காரணம் என்ற செய்தி வட மாநிலங்களில் பரவியது. நாட்டில் 5ஜி சோதனையே எங்கும் தொடங்கவில்லை என்று தொலைத்தொடர்புத் துறை 2021 மே 10-ஆம் தேதி விளக்கம் அளித்தது. 5ஜி சேவை இந்தியாவில் தொடங்கியது 2022 அக்டோபர் 1-ஆம் தேதிதான். இல்லாத ஒன்றின் மீது சுமத்தப்பட்ட இத்தகைய பழியை ஒரே தேடலில் தகர்த்துவிடலாம்.

சரிபார்ப்புக் கட்டுரையைப் படிப்பவர்களிடம் தவறான நம்பிக்கை குறைகிறது என்பதும் நிரூபணமாகியுள்ளது. ஆர்ஜென்டீனா, நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா, பிரிட்டன் ஆகிய நான்கு நாடுகளில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு இதனை உறுதி செய்தது. இரு வாரங்களுக்குப் பிறகும் அந்த விளைவு பெருமளவு நீடித்தது. எனவே, விடை கண்ணில் பட்டால் வேலை செய்கிறது. கண்ணில் படுகிறதா என்பதில்தான் சிக்கல்.

தேடினால் நம்பிக்கை கூடும் விந்தை

அமெரிக்க ஆய்வாளர்கள் கெவின் ஆஸ்லெட், ஜோஷுவா டக்கர் உள்ளிட்டோர் நடத்திய ஐந்து பரிசோதனைகளின் முடிவு 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியானது. செய்திகளைப் படித்தவர்களில் ஒரு பிரிவினரிடம், அது மெய்யா பொய்யா என இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்லுமாறு கேட்கப்பட்டது. தேடியவர்கள் பொய்ச் செய்தியை மெய் எனக் கருதும் வாய்ப்பு, தேடாதவர்களைக் காட்டிலும் 19 சதவீதம் அதிகமாக இருந்தது.

இதற்கான காரணம் தேடும் முறையிலேயே உள்ளது. பொய்ச் செய்தியின் தலைப்பையோ, அதில் உள்ள தனித்துவமான சொற்களையோ அப்படியே தட்டச்சு செய்பவர்களுக்கு, அதே பொய்யை வேறு இடங்களில் எழுதியிருக்கும் தரமற்ற பக்கங்களே முதலில் வந்து நிற்கின்றன. ஒரே பொய்யை நான்கு இடங்களில் பார்ப்பவர் அதனை நான்கு சாட்சிகளாக எடுத்துக் கொள்கிறார். நம்பகமான தரப்பு எதுவும் எழுதாமல் விட்ட இடத்தை வதந்தி நிரப்பிக் கொள்ளும் இந்த நிலையை 'தரவு வெற்றிடம்' என மைக்கேல் கோலெபீவ்ஸ்கி, டேனா பாய்ட் ஆகிய ஆய்வாளர்கள் 2018-இல் குறிப்பிட்டனர்.

ஹாசன் விவகாரத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். அஞ்சிய ஒருவர் தேடும் சொற்கள் 'தடுப்பூசி', 'மாரடைப்பு', 'இளைஞர் மரணம்' என்பவையாகவே இருக்கும். ஆனால், ஆராய்ச்சி கவுன்சிலின் கட்டுரைத் தலைப்பில் தடுப்பூசியும் இல்லை, மாரடைப்பும் இல்லை. 'காரணம் விளங்காத திடீர் மரணங்களுடன் தொடர்புடைய காரணிகள்' என்பதே அதன் பொருள். அதுவும் ஆங்கிலத்தில். ஆய்வாளரின் மொழிக்கும் அஞ்சியவரின் மொழிக்கும் இடையே உள்ள தூரத்தைத் தேடுபொறி தானாகக் கடந்துவிடுவதில்லை. கன்னடத்திலும் தமிழிலும் ஹிந்தியிலும், மக்கள் பேசும் சொற்களிலேயே எழுதப்பட்ட அதிகாரபூர்வ விளக்கங்கள் இருந்தால் மட்டுமே அந்தத் தூரம் குறையும்.

இந்த நிலையில், சாதாரணத் தேடல் முடிவுகளிலேயே சரிபார்ப்புக் குறிப்பைக் காட்டி வந்த வழக்கத்தைக் கைவிடுவதாக கூகுள் 2025-இல் அறிவித்தது. தனித் தேடல் பக்கம் தொடர்ந்தாலும், அப்படியொரு பக்கம் உண்டு என்று அறிந்தவர்களே அங்கு செல்வர். அடிக்கடி பகிரப்படும் செய்தியின் அருகிலேயே பூதக்கண்ணாடிச் சின்னத்தை வைத்து, அதனை அழுத்தினால் இணையத்தில் தேடும் வசதியை வாட்ஸ்ஆப் 2020 ஆகஸ்டில் ஏழு நாடுகளில் அறிமுகப்படுத்தியபோது, வதந்தியால் பெரிதும் பாதிக்கப்பட்ட இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

செயற்கை நுண்ணறிவு இக்குறையைப் போக்கும் என்ற எதிர்பார்ப்பும் முழுமையாக நிறைவேறவில்லை. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பொய்ச் செய்திகளில் பெரும்பாலானவற்றை அக்கருவி சரியாகவே இனங்கண்டது. எனினும், அதன் விளக்கத்தைப் படித்தவர்களின் பகுத்தறியும் திறன் ஒட்டுமொத்தமாக மேம்படவில்லை. கருவி தவறாகப் பொய் என்று கூறிய மெய்ச் செய்திகளின் மீது அவர்களுக்கு நம்பிக்கை குறைந்தது; உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று கூறிய பொய்ச் செய்திகளின் மீது நம்பிக்கை கூடியது.

பாதி உண்மைக்கு முத்திரை எது?

மருத்துவத்தில் முழுப் பொய்யை எதிர்கொள்வது எளிது. பாதி உண்மையை எதிர்கொள்வதே கடினம். கோவிஷீல்ட் தடுப்பூசியின் மூல நிறுவனமான ஆஸ்ட்ராசெனகா, தனது தடுப்பூசியால் மிக அரிதாக ரத்த உறைவும் தட்டணுக் குறைவும் ஏற்படக் கூடும் என்று பிரிட்டன் நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்டதாக 2024 ஏப்ரலில் செய்தி வெளியானது. அது மெய். அந்தப் பக்கவிளைவு 2021-லேயே மருத்துவ உலகம் அறிந்தது என்பதும் மெய். பொதுவாகத் தடுப்பூசி செலுத்திய சில வாரங்களுக்குள் தோன்றக் கூடியது என்பதும் மெய். ஆனால், அதனை ஆண்டுகள் கழித்து நேரிடும் மாரடைப்புடன் முடிச்சுப் போட்டது பொய். 'மெய்', 'பொய்' என்ற இரு முத்திரைகளால் இதனை விளக்க முடியாது. 'பொய்' என்று மட்டும் கூறினால், நீதிமன்ற ஆவணத்தைப் படித்தவர் சரிபார்ப்பவரையே சந்தேகிப்பார்.

அதிகார பீடத்தில் இருப்பவர்களே குழப்பத்துக்கு இடமளித்த நிகழ்வுகளும் உண்டு. 2021 பிப்ரவரியில் பதஞ்சலி நிறுவனத்தின் 'கரோனில்' மருந்து தொடர்பான நிகழ்ச்சியில் அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் ஹர்ஷ் வர்தன் பங்கேற்றார். அந்த மருந்துக்கு உலக சுகாதார அமைப்பின் அங்கீகாரம் இருப்பது போன்ற தோற்றம் ஏற்பட்டது. கரோனா சிகிச்சைக்காக எந்தப் பாரம்பரிய மருந்தையும் தாங்கள் ஆய்வு செய்யவோ, சான்றளிக்கவோ இல்லை என்று அந்த அமைப்பு விளக்கம் அளிக்க நேர்ந்தது. அமைச்சர் விளக்கம் அளிக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ சங்கமும் கோரியது.

எது உண்மை என்பதை அரசே இறுதியாக முடிவு செய்யலாமா என்ற வழக்கின் பின்னணியில் இத்தகைய அனுபவங்களையும் வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. 2023 ஏப்ரலில் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், மத்திய அரசின் செயல்பாடு குறித்த தகவல்களைப் பொய் என அடையாளமிடும் அதிகாரத்தை அரசின் சரிபார்ப்புப் பிரிவுக்கு அளித்தன. பத்திரிகை தகவல் அலுவலகத்தின் பிரிவே அதற்கு உரியது என 2024 மார்ச் 20-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைக்குத் தடை விதித்தது. அவ்விதித் திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பர் 20-ஆம் தேதி ரத்து செய்தது.

இதற்கு மாறாக, துறை வல்லுநர்கள் தாமதமின்றிக் களமிறங்கியதற்கு முன்னுதாரணம் உண்டு. எலுமிச்சைச் சாறு, மஞ்சள், வேப்பிலை ஆகியவற்றுடன் கூடிய உணவு முறையால் தனது மனைவி நான்காம் நிலைப் புற்றுநோயிலிருந்து மீண்டதாக முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து 2024 நவம்பரில் கூறினார். அந்தக் காணொலி பரவிய சில நாள்களிலேயே மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கூட்டறிக்கை வெளியிட்டனர். இக்கூற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும், இதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப் போட வேண்டாம் என்றும் அவர்கள் கேட்டுக் கொண்டனர். அவருடைய மனைவி அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் பெற்றவர் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். சித்துவும் பின்னர், மருத்துவர்களின் ஆலோசனையுடனேயே இந்த உணவு முறை பின்பற்றப்பட்டதாக விளக்கினார். அதன்பிறகு இதுபற்றித் தேடியவர்களுக்குக் காணொலியுடன் அறிக்கையும் கிடைத்தது. வெற்றிடம் நிரப்பப்பட்டது.

பிகார் தரும் பாடம்

தேடல் கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் போதுமா என்பதற்கு பிகாரில் நடந்த இரு ஆய்வுகள் பதில் அளிக்கின்றன. 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் அங்கு 1,200-க்கும் மேற்பட்டோரிடம் சுமித்ரா பத்ரிநாதன் என்ற அரசியல் அறிவியல் ஆய்வாளர் ஒரு பரிசோதனை நடத்தினார். படத்தைக் கொண்டு மூலத்தைத் தேடும் முறை, சரிபார்ப்பு இணையதளங்களின் பயன்பாடு போன்றவை சுமார் ஒரு மணி நேரம் நேரில் கற்றுத் தரப்பட்டன. பயிற்சி பெற்றவர்களின் பொய்யை இனங்காணும் திறன், சராசரியாகப் பார்க்கும்போது, மேம்படவில்லை.

அவரும் சக ஆய்வாளர்களும் மாநில அரசின் 'ஜீவிகா' அமைப்புடன் இணைந்து மேற்கொண்ட அடுத்த முயற்சி வேறு விதமானது. 583 கிராமங்களைச் சேர்ந்த 13,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் இடம்பெற்றனர். நூலகங்களில் 14 வாரங்களில் நான்கு வகுப்புகள் நடத்தப்பட்டன. மருத்துவ வதந்திகளுக்கு அதில் முக்கிய இடம் அளிக்கப்பட்டது. இம்முறை பலன் தெளிவாகத் தெரிந்தது. எந்தத் தகவலை நம்புவது, எந்த மூலத்தைக் கேட்பது என்பதில் மாணவர்கள் தேர்ச்சி பெற்றனர். நான்கு மாதங்களுக்குப் பிறகும் அது நீடித்தது. வகுப்புக்கே வராத பெற்றோரிடமும் மாற்றம் காணப்பட்டது. 2025-இல் வெளியான இந்த ஆய்வு உணர்த்துவது இதுதான்: ஒரு மணி நேரத்தில் கருவியை அறிமுகம் செய்வது வேறு, பல வாரங்கள் பழக்கி, வீட்டுக்குள் ஒரு நம்பகமான குரலை உருவாக்குவது வேறு.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். அதன்பிறகு இணையப் பயன்பாடு வளர்ந்திருந்தாலும், குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதா என்று தீர்மானிக்க வேண்டிய தாய்மார்களில் பலர் வதந்தியைக் கேள்விப்படுவது செல்பேசி வைத்திருக்கும் மற்றவர் வாயிலாகவே. அவர்களுக்குத் தேடுபொறி எட்டாது. கிராம சுகாதாரச் செவிலியரும் ஆஷா பணியாளரும் எட்டுவர். 2017 பிப்ரவரியில் தமிழகம், கர்நாடகம் உள்ளிட்ட பகுதிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது சமூக ஊடகங்களில் பரவிய அச்சத்தால் தமிழகத்தில் முகாமை நீட்டிக்க நேர்ந்ததை இங்கு நினைவுகூரலாம்.

அடுத்த சோதனை

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசி விவகாரம் இவை அனைத்துக்கும் உரைகல்லாக உள்ளது. 2022-ஆம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்கள் இந்நோய்க்கு ஆளாகினர். ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தனர். 9 முதல் 14 வயது வரையிலான சிறுமிகளுக்கு இத்தடுப்பூசி ஊக்குவிக்கப்படும் என 2024 இடைக்கால பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

இத்தடுப்பூசி பற்றி ஒரு தாய் தேடினால் பழைய வரலாறு ஒன்று கிடைக்கும். 2009-இல் ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் அமெரிக்காவைச் சேர்ந்த 'பாத்' அமைப்பு, ஆராய்ச்சி கவுன்சிலுடனும் மாநில அரசுகளுடனும் இணைந்து நடத்திய திட்டத்தின்போது ஏழு சிறுமிகள் உயிரிழந்தனர். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அம்மரணங்கள் தடுப்பூசியால் நேர்ந்தவையாகத் தெரியவில்லை என அரசு அமைத்த விசாரணைக் குழு கருதியது. ஆனால், பெற்றோரின் முறையான ஒப்புதல் பெறப்படவில்லை என்பதும், விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டனர் என்பதும் உண்மை. சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த 72-ஆவது அறிக்கையில் இதனைக் கடுமையாகக் கண்டித்தது.

இந்த வரலாற்றை மறைத்துவிட்டு 'தடுப்பூசி மரணம் என்பது பொய்' என்று முத்திரை குத்தினால் பலன் இருக்காது. நடந்த தவறை ஒப்புக்கொண்டு, தடுப்பூசியின் பாதுகாப்பை விளக்கி, ஒவ்வொரு மொழியிலும் முன்கூட்டியே எழுதி வைப்பதே வழி. சிக்கிம் அரசு அதைத்தான் செய்தது. ஆசிரியர்கள், பெற்றோர், செய்தியாளர்கள் ஆகியோரிடம் முன்னரே பேசிய பிறகே 2018-இல் பள்ளிகளில் இத்தடுப்பூசியைத் தொடங்கியது. உரிய வயதுச் சிறுமிகளில் சுமார் 97 சதவீதத்தினர் அதனைச் செலுத்திக் கொண்டனர்.

தேடுபவர்களும் முறையை மாற்றிக் கொள்ள வேண்டியுள்ளது. வந்த செய்தியை அப்படியே தேடல் கட்டத்தில் இடாமல், நோயின் அல்லது மருந்தின் பெயருடன் ஆராய்ச்சி கவுன்சில், உலக சுகாதார அமைப்பு, டாடா நினைவு மருத்துவமனை போன்ற பெயர்களில் ஒன்றைச் சேர்த்துத் தேடினால், வதந்தியின் நகல்களைப் பெருமளவு தவிர்க்கலாம். தேதியையும், முதலில் சொன்னவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். விடை எதுவும் கிடைக்காதபோது, மறுப்பு இல்லை என்பதையே ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

தகவல் தொழில்நுட்பத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, நிஷிகாந்த் துபே தலைமையில், பொய்ச் செய்திகள் தொடர்பான தனது அறிக்கையை 2025 செப்டம்பரில் மக்களவைத் தலைவரிடம் அளித்தது. ஊடக நிறுவனங்கள் அனைத்திலும் உண்மை சரிபார்ப்பு ஏற்பாடும் உள் குறைதீர்ப்பாளரும் கட்டாயமாக்கப்பட வேண்டும், தண்டனை விதிகள் திருத்தப்பட வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் அடங்கும். தண்டனையும் சரிபார்ப்பும் பொய் வெளியான பிறகு வருபவை. ஹாசனில் குறைந்தது அவையல்ல. 2023-லேயே தயாராகிவிட்ட ஒரு விடையைக் கன்னடம் பேசும் ஒரு குடும்பத்தின் வாசல் வரை கொண்டு செல்லும் ஏற்பாடுதான். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியது எந்தத் துறை என்பதை உறுப்பினர்கள் இரு அவைகளிலும் கேட்டுப் பெற வேண்டும்.